வெளியே லட்சம், உள்ளே ஐம்பது

சித்திரை பிறக்கும் நாட்களில் விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நடுப்பகல் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை பாகையில் இந்த ஊர்கள் இருப்பதால் வரும் கணக்கு இது. ஆவணியில் இன்னொரு முறையும் இதே உச்சி வெயில் திரும்பும். மேகமில்லாத அந்த வேளையில் தரையில் விழும் வெளிச்சத்தை அளந்தால் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்லும் அளவு. அதே வேளையில், பத்துக்குப் பத்து அறையில் சன்னலைச் சாத்திவிட்டு ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டால், மேசைமேல் விழுவது சுமார் ஐம்பது லக்ஸ்தான். தெருவுக்கும் மேசைக்கும் இடையே இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு. இந்த வறண்ட பூமியில் வீடு கட்டியவர்கள் சுவரைத் தடிமனாக எழுப்பி, சன்னலைச் சிறிதாக வைத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. உள்ளே வெக்கை வரக்கூடாது, புழுதி வரக்கூடாது. வெளிச்சம் வேண்டிய வேலைகளைத் திண்ணையிலும் முற்றத்திலும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது.

பட்டா மாறுதலுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வரிசையில் நிற்கும் மானாவாரி விவசாயிகளுக்காக இ-சேவை மையத்தில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவர், நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து கோக்கிறவர், வீட்டு மூலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண் என்று இந்த வட்டாரத்தில் திரையை நம்பிப் பிழைக்கிறவர்கள் இன்று நிறையப் பேர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, கரிசல் காட்டுக் கிராமங்களுக்குள்ளும் திரை நுழைந்துவிட்டது. இவர்களிடம் கேட்டால் சொல்வது ஒன்றுதான்: சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது, கரிக்கிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது. மருந்தாக அவர்களுக்குச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் ஒன்றுதான்: திரையின் நிறத்தை மாற்று, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போடு. இந்த அறிவுரை தவறான இடத்தைப் பார்க்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். திரையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. திரைக்கும் அறைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யும் வேலையில் அறைதான் முதலில் வரவேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பரப்பிலிருந்து கண்ணை நோக்கி வரும் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். கடையில் வாங்கும் சாதாரண மானிட்டர் முழு பிரைட்னஸில் 250 நிட் அளவுக்கு ஒளிரும். 50 லக்ஸ் வெளிச்சத்தில் கிடக்கும் வெள்ளைத் தாளின் பிரகாசம் 13 நிட்தான். அதாவது பக்கத்தில் கிடக்கும் விண்ணப்பத் தாளைவிடத் திரை இருபது மடங்கு பிரகாசம். தாளைப் பார்த்துத் திரையில் தட்டச்சு செய்கிறவரின் கண் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இந்த இருபது மடங்கு மேட்டை ஏறி இறங்குகிறது. அறை வெளிச்சத்தை 300 லக்ஸுக்கு உயர்த்தினால் அதே தாள் 76 நிட்டாகிவிடும். திரையை 120 நிட் அளவுக்குக் குறைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்குக்குள் வந்துவிடுகிறது. எழுத்துவேலை நடக்கும் அலுவலக மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டும் என்று பல நாட்டுத் தரங்கள் சொல்வதன் பின்னணியும் இதுதான். இதற்குப் பெரிய செலவும் இல்லை. இருபது வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஒன்று பத்துக்குப் பத்து அறையில் சுமார் நூறு லக்ஸ் தரும். சுவரும் கூரையும் வெள்ளையடித்திருந்தால் இன்னும் கூடும். இரண்டு டியூப்லைட் போட்டு, மேசைக்கு ஒரு சிறிய விளக்கும் வைத்தால் 300ஐத் தொட்டுவிடலாம். ஒரு டியூப்லைட் எட்டு மணி நேரம் எரிந்தால் ஆறில் ஒரு யூனிட் அளவே மின்சாரம் செலவாகும்.

இருட்டறை ஒரு பிரச்சினை என்றால், தெருவைப் பார்த்த கடை அதைவிடப் பெரிய பிரச்சினை. நம் ஊர்க் கடைகளுக்குச் சன்னல் கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் திறப்புதான். இ-சேவை மையத்திலும் டி.டி.பி. கடையிலும் வருகிறவரைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்பதால், வேலை செய்கிறவர் வாசலைப் பார்த்து அமர்கிறார். அவர் கண்ணுக்கு நேரே திரை, திரைக்குப் பின்னால் வெயில் காயும் தெரு. உச்சி வெயிலில் சிமெண்ட் சாலையின் பிரகாசம் ஒன்பதாயிரம் நிட்டைத் தாண்டும். எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் பத்தாயிரத்தையும் தாண்டலாம். 250 நிட் திரை அதன் முன்னால் மங்கித் தெரியாமல் என்ன செய்யும்? அவர் பிரைட்னஸை முழுதாக ஏற்றிவைக்கிறார். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். இமைத் தசைகளும் நெற்றித் தசைகளும் காலை முதல் மாலை வரை இறுகியே இருக்கின்றன. சாயங்காலம் தெரு இருண்ட பிறகும் ஏற்றிவைத்த பிரைட்னஸ் இறங்குவதில்லை. மாறாக, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலோ தெரு முழுவதும் திரைக் கண்ணாடியில் பிரதிபலிக்கும், எழுத்து வெளுத்துப்போகும். தீர்வு மூன்றாவது நிலையில் இருக்கிறது. மேசையைக் கால்வட்டம் திருப்பி, வாசல் வலப்பக்கமோ இடப்பக்கமோ வரும்படி போட வேண்டும். வருகிறவர் மேசையின் ஓரத்தில் நின்று பேசலாம். வாசலின் மேல்பாதிக்குப் பச்சை வலைத் துணியோ மூங்கில் தட்டியோ தொங்கவிட்டால் வானத்தின் கூச்சமும் அடங்கும். இந்த ஒரு மாற்றம் எந்தக் கண்ணாடியும் தராத பலனைத் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். காரணம், பார்வைப் புலத்திலிருந்து பத்தாயிரம் நிட் ஒரேயடியாக விலகிவிடுகிறது.

நிறச் சீரமைப்பு என்கிற கேலிபரேஷன் இதில் எங்கே வருகிறது? அது பிறந்தது அச்சுத் தொழிலின் தேவையிலிருந்து. இதே விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி இருக்கிறது. அங்கே காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் படம் தயாரிக்கிறவருக்குத் திரையில் தெரியும் சிவப்பும் ஆப்செட்டில் விழும் சிவப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். அதற்காக ஒரு சிறு கருவியைத் திரையின்மேல் வைத்து நிறங்களை அளந்து, மானிட்டரை ஒரு தரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அச்சுத் தாளைப் பார்வையிட 5000 கெல்வின் ஒளி, திரைக்குப் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை என்று அந்தத் துறையில் தெளிவான வரையறை உண்டு. அருப்புக்கோட்டைச் சேலை வாங்க வருகிறவர்களுக்கும் இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை தெரிந்தேயிருக்கிறது. டியூப்லைட்டில் பார்த்த அரக்கு வெளியில் வேறாகத் தெரியும் என்று சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறார்களே, அது ஒளியின் நிறத்தைச் சோதிக்கும் செயல்தான். ஆனால் நிறம் துல்லியமாக இருப்பதும் கண் சோராமல் இருப்பதும் வேறு வேறு நோக்கங்கள். பட்டாவும் ரசீதும் தட்டச்சு செய்கிறவருக்கு, பல ஆயிரம் ரூபாய்க் கருவி வாங்கிச் சிவப்பைச் சீராக்குவதால் கண்ணுக்குக் கிடைப்பது சொற்பம். அந்தத் துறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே செய்திகள். ஒன்று, தேர்ந்த அச்சு வடிவமைப்பாளர் தன் திரையைப் பெரும்பாலும் 80 முதல் 120 நிட்டுக்குள்தான் வைத்திருப்பார். தொழிற்சாலையிலிருந்து வரும் முழு பிரைட்னஸில் வைக்கமாட்டார். இரண்டு, அவர் திரையைச் சீராக்கும் முன் அறையின் விளக்கைச் சீராக்கிவிடுவார்.

கருவி இல்லாமல் இதைச் செய்ய வெள்ளைத் தாள் ஒன்று போதும். வழக்கமாக வேலை செய்யும் நேரத்தில், வழக்கமான விளக்கைப் போட்டுக்கொண்டு, தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறக்க வேண்டும். திரை ஒரு விளக்கைப்போல எரிந்தால் பிரைட்னஸ் அதிகம். சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். திரையின் வெள்ளை தாளைவிட நீலம் பாய்ந்து தெரிந்தால், மானிட்டர் மெனுவில் நிற வெப்பநிலையை 6500க்கோ, ‘வார்ம்’ என்ற நிலைக்கோ மாற்றலாம். கண் எந்த வெள்ளைக்கும் சில நிமிடங்களில் பழகிக்கொள்ளும் என்பதால் இதில் துல்லியம் தேவையில்லை. அவரவர் சௌகரியம்தான். ஆனால் காலையில் வைத்ததை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைநாளின் இருண்ட பிற்பகலுக்கும் பங்குனி வெயிலுக்கும் ஒரே பிரைட்னஸ் பொருந்தாது. நாளுக்கு இரண்டு முறையாவது மாற்றிவைப்பது நல்லது.

நீல ஒளிதான் காரணம் என்று மருந்துக்கடை முதல் கண்ணாடிக்கடை வரை எல்லோரும் சொல்கிறார்களே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஆய்வுகளில் பதில் இருக்கிறது. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றிய 17 சோதனைகளைத் திரட்டிக் காக்ரேன் அமைப்பு 2023 ஆகஸ்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கணினி வேலையால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில், குறுகிய காலத்திலாவது, சாதாரணக் கண்ணாடியைவிட இவை மேலானவையாக இல்லாமல் இருக்கலாம் என்பதே அதன் முடிவு. அந்தச் சோதனைகள் சிறியவை, சில வாரங்களுக்குமேல் நீடிக்காதவை. அதனால் கடைசித் தீர்ப்பு என்று அதைச் சொல்லவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் கணினிக்கென்று இக்கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் இன்னொன்று தெரியும். திறந்த வெளியில் நீல வானம் பல ஆயிரம் நிட் பிரகாசத்தில் கண்ணில் இறங்குகிறது. 250 நிட் திரை தரும் நீலம் அதன் அருகில் ஒரு துளி. மிளகாய்க்காட்டில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு வானத்தின் நீலம் தராத கண் சோர்வை, அதில் சிறு பங்கான திரையின் நீலம் தருகிறது என்பது நம்பும்படியாக இல்லை. ‘புளூ கட்’ என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இரண்டு டியூப்லைட் வாங்கிவிடலாம்.

இங்கேதான் இந்த நிலத்தின் இன்னொரு குணத்தைப் பேச வேண்டும். இது காய்ந்த பூமி. காற்றில் ஈரம் குறைவு, ஆனி ஆடியில் மேல்காற்று புழுதியோடு வீசும், மற்ற மாதங்களில் மின்விசிறி ஓயாமல் சுற்றும். கண்ணின் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் மிக மெல்லியது. ஒவ்வொரு இமைப்பிலும் அது புதுப்பிக்கப்படுகிறது. 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வு அளந்து சொன்னது: ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 22 முறை இமைக்கும் மனிதர்கள், மேசையில் வைத்துப் புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தார்கள். அந்த ஆய்வின் இன்னொரு அளவு இங்கே கூடுதல் முக்கியம். புத்தகத்தைக் குனிந்து பார்க்கும்போது இமைகளுக்கு நடுவே 1.2 சதுர சென்டிமீட்டர் மட்டுமே திறந்திருக்க, நேராக நிமிர்ந்து திரையைப் பார்க்கும்போது 2.3 சதுர சென்டிமீட்டர் திறந்திருந்தது. இமைப்பு மூன்றில் ஒரு பங்காகிறது, காயும் பரப்போ புத்தகம் படிப்பதைவிட இருமடங்காகிறது. ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊரில் இது ஓரளவு தாங்கும். திருச்சுழியில், முகத்துக்கு நேரே டேபிள் ஃபேன் வைத்த அறையில், கண் கரிப்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். மானிட்டரைச் சி.பி.யு. பெட்டியின்மேல் ஏற்றிவைக்கும் பழக்கத்தை விட்டு, அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இறக்க வேண்டும். ஃபேனைக் காலுக்கோ முதுகுக்கோ திருப்ப வேண்டும். தூரப் பார்வைக்கு அடிக்கடி கண்ணை எடுப்பதும், நினைவாக முழுதாக இமைப்பதும் உதவும். இருபது நிமிடத்துக்கொரு முறை இருபது அடி தூரத்தை இருபது விநாடி பார்ப்பது என்ற விதி பரவலாக இருக்கிறது. அந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை, ஆய்வு முடிவுகளும் கலவையாகவே வந்திருக்கின்றன. எழுந்து வெளியே போய் வருவது அதைவிட நல்லது. ஒரு எச்சரிக்கையும் அவசியம்: கண் எரிகிறது என்று மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டுகளை மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடிப் பார்வையே பறிபோகலாம்.

விளக்கு என்றதும் எந்த விளக்கும் சரி என்று ஆகிவிடாது. பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு முறை மினுங்கும். கண்ணுக்கு அது தெரியாது, மூளைக்கு எட்டுகிறது. ஆர்னல்டு வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆங்கிலேய அலுவலகத்தில் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், மினுக்கம் இல்லாத உயர் அதிர்வெண் விளக்குக்கு மாற்றியதும் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. மலிவான எல்.இ.டி. பல்புகளிலும், பிரைட்னஸைக் குறைத்த சில மானிட்டர்களிலும் இதே மினுக்கம் உண்டு. கைபேசிக் கேமராவின் ஸ்லோ மோஷனில் பார்த்தால் கருப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். அப்படித் தெரிகிற பல்பை மாற்றிவிடுவதே நல்லது.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும் ‘டார்க் மோட்’ கண்ணுக்கு நல்லது என்பதும் முழு உண்மையில்லை. வெள்ளைப் பின்னணியில் கண்மணி சுருங்குகிறது, சுருங்கும்போது உருவம் கூர்மையாகிறது. கருப்பு எழுத்தை வெள்ளைமேல் படிப்பவர்கள் பிழைகளை நன்றாகக் கண்டுபிடிப்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். க-வுக்கும் க்-குக்கும் ஒரு புள்ளிதான் வேறுபாடு. பட்டாவில் ஒருவர் பெயரில் அந்தப் புள்ளி தவறினால் அவர் மறுபடி மனு எழுதி அலைய வேண்டும். சுழிகளும் கொம்புகளும் நெருங்கிய நம் எழுத்து, ஆங்கிலத்துக்கு வைத்த அளவில் தெளிவாகத் தெரியாது. திரையில் எழுத்தை ஒன்றேகால் மடங்காவது பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். இருட்டறையில் இரவில் படிப்பவர் டார்க் மோடு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் தேடும் ஆறுதலை, மானிட்டருக்குப் பின்சுவரில் விழும்படி வைத்த ஒரு சிறு விளக்கும் தரும்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கண் வலிக்கிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் சரிசெய்யாத பார்வைக் குறைபாடு, அதை விட்டுவிட்டு விளக்கையும் மேசையையும் பேசுவது வீண் என்று கண் மருத்துவர்கள் சொல்லக்கூடும். இந்த மறுப்பில் பெரும் உண்மை இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வந்தே தீரும். அசாமில் தேயிலை பறிக்கும் 751 தொழிலாளர்களிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. திரையில் வேலை செய்கிறவருக்கு அதன் தேவை இன்னும் அதிகம். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்தக் கரிசல் பூமிக்குக் கண் சிகிச்சையை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. எனவே கண் பரிசோதனைக்கு முதலிடம் தரலாம், தரத்தான் வேண்டும். ஆனால் சரியான கண்ணாடி போட்டவரும் பத்தாயிரம் நிட் தெருவைப் பார்த்து உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்கத்தான் செய்வார். கண்ணாடி குவியத்தைத் திருத்தும். கூச்சத்தையும் வறட்சியையும் அது திருத்தாது.

இன்னொரு மறுப்பு, இதில் பாதியைச் செய்ய வேலைக்காரருக்கு உரிமையே இல்லை என்பது. மேசையைத் திருப்பும் அதிகாரம் முதலாளியிடமோ அதிகாரியிடமோ இருக்கிறது. இது நியாயமான கவலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், ஆலைக்குள் போதிய, பொருத்தமான வெளிச்சம் வேண்டும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. விளக்கிலிருந்து நேராகவோ பிரதிபலித்தோ வரும் கூச்சத்தையும், கண்ணுக்குச் சிரமம் தரும் நிழலையும் தடுக்க வேண்டும் என்றும் கூறியது. அந்தப் பிரிவின்படி அருப்புக்கோட்டை நூற்பாலையில் நூற்பு இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளிக்குக் கண்கூச்சத்திலிருந்து காப்பு இருந்தது. ஆலைக்கு வெளியே, இ-சேவை மையத்தில் திரை முன் உட்காருகிறவருக்கு அந்தப் பிரிவு எட்டவில்லை. ஐரோப்பிய நாடுகள் 1990இலேயே திரை வேலைக்கென்று தனி நெறிமுறை கொண்டுவந்து, திரையில் பிரதிபலிப்பு கூடாது, பிரைட்னஸ் மாற்றும்படி இருக்க வேண்டும், வேலை செய்கிறவருக்குக் கண் பரிசோதனை தர வேண்டும் என்று வரையறுத்தன. நமக்கு அவ்வளவு பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இ-சேவை மையத்துக்கு அனுமதி தரும்போதும் ஆய்வு செய்யும்போதும் கேட்கும் கேள்விகளோடு இரண்டைச் சேர்த்தால் போதும்: திரைக்குப் பின்னாலோ முன்னாலோ வாசல் இருக்கிறதா? மேசைமேல் 300 லக்ஸ் இருக்கிறதா? லக்ஸ் அளக்கும் செயலி இன்று கைபேசியிலேயே இருக்கிறது. அதன் அளவு சற்றுப் பிசகினாலும் ஐம்பதையும் முந்நூறையும் பிரித்துக் காட்டிவிடும். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினி வரிசைகளைச் சன்னலுக்குச் செங்குத்தாகத் திருப்பிப் போடும் வேலையை மே மாத விடுமுறையிலேயே முடித்துவிடலாம். மின்வயரைச் சற்று நீட்டுவதுதான் அதில் வரும் செலவு.